இல்லத்தரசி தோர்னா

“ஒவ்வொரு மகத்தான நூலும் இரண்டு முறை படைக்கப்படுகிறது. முதல் முறை எழுத்தாளர் தம் தனிமையில் படைக்கிறார். இரண்டாம் முறை, அதைப் பாடமாக ஏற்கும் கல்விக்கூடம் படைக்கிறது. இரண்டாம் படைப்பே காலத்தை வெல்கிறது.”

துடியலூரைத் தாண்டி மேட்டுப்பாளையம் சாலையில் இருக்கும் அழகிரி குளோபல் அகாடமியின் கையேடு இப்படித் தொடங்குகிறது. அந்தப் பள்ளியைப் பொறுத்தவரை இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அங்கே ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலத்துக்குப் பாடமாக இருக்கும் ‘பெல்மார்க்கின் ஒன்பது கொம்புகள்’ என்ற மாயாஜால நாவலை இரண்டாம் முறை படைத்தவர் அலுவலகத் தட்டச்சர் செல்லாத்தாள். அன்று அவருக்குச் சளி பிடித்து ஒரு காது அடைத்திருந்தது.

பதினோரு வருடங்களுக்கு முன்பு நடந்தது இது. ஆங்கிலத் துறைத் தலைவர் டாக்டர் ரவிதேஜா தாராபுரத்தில் ஒரு கல்யாணத்தை முடித்துக்கொண்டு கோவைக்குப் பேருந்தில் வந்துகொண்டிருந்தார். நோட்ஸின் முதல் பக்கம் அன்று மாலைக்குள் அச்சுக்குப் போக வேண்டும். நாவலின் தொடக்கத்தில் கதாபாத்திரங்களின் பட்டியல் இருந்தது. அதைப் போனில் படித்துச் சொல்லச் சொல்ல, செல்லாத்தாள் தட்டச்சு செய்தார்.

“தோர்னா. குயின் ஆஃப் தி வுட்” என்றார் டாக்டர். வனத்தின் அரசி என்று பொருள். ஓட்டுநர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

“ஏனுங் சார், ஊடுங்களா?”

“ஆமாங்க, வுட்டுதானுங்க.”

இங்கிலீஷ் நோட்ஸில் ஒரு தமிழ்ச் சொல்கூட வரக் கூடாது என்பது பள்ளியின் விதி. தாழ்வாரத்துக்குத் தாழ்வாரம் பலகை வைத்திருக்கிறார்கள். ஊடு என்றால் வீடு; அது தமிழ். ஆகவே செல்லாத்தாள் அதைக் கடமையுணர்வோடு ‘ஹவுஸ்’ என்று மாற்றினார். வனத்தின் அரசி அந்த நிமிடத்தில் இல்லத்தரசி ஆனாள்.

தட்டச்சான பட்டியலையும் அத்தியாயத் தலைப்புகளையும் மட்டும் முன்னால் வைத்துக்கொண்டு டாக்டர் இரண்டு வாரம் உழைத்து எண்பது பக்க நோட்ஸை உருவாக்கினார். அதன்படி தோர்னா பொறுமைசாலி; சிக்கனக்காரி; விருந்தாளிகள் ஒன்பது பேர் வந்தபோதும் முகம் சுளிக்காதவள். நாவலில் தோர்னாவுக்குக் கணவன் கிடையாது. குரும் என்றொரு கரடிதான் உண்டு. பட்டியலில் கரடி கரடியென்றே சரியாகத் தட்டச்சாகியிருந்தது. ஆனால் ஓர் இல்லத்தரசி கணவன் இல்லாமல் இருப்பது பள்ளியின் மாண்புக்கு உகந்ததல்ல என்று கருதி டாக்டர் அதைக் கணவனாக்கினார். குருமின் குணநலன் என்ற தலைப்பில், ‘அதிகம் பேசமாட்டார், உழைப்பாளி, குளிர்காலத்தில் ஓய்வெடுப்பார்’ என்று இருக்கிறது.

மாணவர்களுக்கு நோட்ஸ் மட்டுமே வழங்கப்பட்டது. மூலநூல் பாடத்தைப் பற்றித் தவறான எண்ணங்களை உண்டாக்கக்கூடும் என்று சுற்றறிக்கை வந்தது.

பள்ளியின் தாளாளர் அழகிரிசாமி, வெட் கிரைண்டர் தயாரிப்பாளர். தோர்னாவின் குணநலனை ஆண்டுவிழா ஒன்றில் கேட்டு அவர் கண்கலங்கினார். அடுத்த மாதம் ‘தோர்னா’ என்ற பெயரில் இரண்டு லிட்டர் கிரைண்டர் சந்தைக்கு வந்தது. பெட்டியின்மேல் பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண் சிரிக்கிறாள். பின்னால் ஒரு கோட்டை. அதற்கடுத்த வருடம் ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலத்துக்குச் செய்முறைத் தேர்வு வந்தது. மாணவர்கள் வீட்டிலிருந்து தூக்குப்போசியில் இட்லி மாவு கொண்டுவர வேண்டும். தேர்வாளர் விரலால் தொட்டுப் பார்ப்பார். மாவு பொங்காதவர்களுக்குக் ‘கதாபாத்திர வளர்ச்சி’ என்ற இனத்தில் மதிப்பெண் குறைந்தது.

இதையெல்லாம் யாரும் கேள்வி கேட்கவில்லை. பிறகு மோகனப்பிரியா ஒன்பதாம் வகுப்புக்கு வந்தாள்.

தொண்டாமுத்தூரிலிருந்து பள்ளிப் பேருந்தில் வருகிற பெண் அவள். அப்பா தேங்காய் லாரியோடு பாதி மாதம் வெளியூரில். தோப்பைப் பார்ப்பது அம்மா பழனாத்தாள். நோட்ஸில் அதிகம் பேசாத, குளிர்காலத்தில் ஓய்வெடுக்கும் கணவரைப் படித்தபோது மோகனப்பிரியாவுக்குச் சந்தேகம் வந்தது. எழுந்து கேட்டாள்.

“சார்ங்க, குரும் எந்த வேலைக்குப் போறாருங்க?”

“நோ ‘ங்க’. சே ‘சார்’. ஒன்லி சார்” என்றார் டாக்டர் ரவிதேஜா. “குரும் இஸ் எ ஹஸ்பண்ட். அதுவே ஃபுல்டைம் ஜாப். சிட்டவுன்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை உக்கடத்தில் பழைய புத்தகக் கடை பஷீரிடம் நாவலின் பெயரைச் சொல்லிக் கேட்டாள். பஷீர் ஏணியில் ஏறி ஒரு கட்டைப் பிரித்தார்.

“இந்தப் பேரைச் சொல்லி வர்றவங்க எல்லாம் நோட்ஸுதான் கேப்பாங்க கண்ணு. புஸ்தகத்தைக் கேட்டு வந்த மொதல் ஆளு நீதான்” என்றார் பஷீர். “ஒரு வாத்தியாரு ஊடு மாத்தறப்ப மூட்டையோட எடைக்குப் போட்டுட்டுப் போனாருங். மேல்தாளுகூடக் கசங்கல பாரு.”

மோகனப்பிரியா முதல் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்துச் சொல்லாமல் மூடிக்கொண்டாள். வீட்டுக்குப் போனதும் புத்தகத்துக்குக் காக்கி அட்டை போட்டாள். நானூற்றுப் பன்னிரண்டு பக்கங்களையும் நான்கு நாளில் படித்தாள்.

அரையாண்டுத் தேர்வில் பத்து மதிப்பெண் வினா: தோர்னாவின் இல்லற மாண்பை விளக்குக. மோகனப்பிரியா ஆங்கிலத்தில் எழுதினாள்: ‘தோர்னாவுக்கு வீடு கிடையாது. அவள் வனத்தின் அரசி. ஒன்பது பிரபுக்கள் அவளுடைய மரங்களை வெட்டுகிறார்கள். பதினான்காம் அத்தியாயத்தில் விருந்துக்குப் போய் அவர்களுடைய மண்டபத்துக்குத் தீ வைக்கிறாள். குரும் ஒரு கரடி.’

விடைத்தாளில் சிவப்பு மையில் சுழியம் விழுந்தது. சுழியத்துக்குள், ‘பெற்றோரை அழைத்து வரவும்.’

மறுநாள் தாளாளர் அறையில் விசாரணை. அழகிரிசாமி நடுவில், டாக்டர் வலப்பக்கம். மேசைமேல் விடைத்தாளும், அதன் பக்கத்தில் நிரப்பப்படாத ஒரு டி.சி. படிவமும் இருந்தன. பத்தாம் வகுப்புக்குச் சில மாதங்களே இருக்கையில் மாற்றுச் சான்றிதழோடு வரும் பெண்ணை எந்தப் பள்ளியும் சேர்க்காது. என்ன செய்தாளோ என்றுதான் கேட்கும். அந்தப் படிவம் அதற்காகத்தான் எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்கப்பட்டிருந்தது.

“உங்க பொண்ணு ஒரு குடும்பப் பெண்ணைக் கொள்ளி வைக்கறவன்னு எழுதியிருக்காங்க” என்றார் டாக்டர். “அவங்க புருசனைக் கரடிங்கறாங்க. இதை நம்ம கலாச்சாரம் தாங்குமுங்களா?”

பழனாத்தாள் மகளைப் பார்த்தாள். “யாரு கண்ணு அந்தம்மா? நம்மூருங்களா?”

“கதைலம்மா.”

“கதைல வர்றவீங்களைச் சொன்னதுக்குங்களா எங்களை வரச் சொன்னீங்க?” என்று டாக்டரிடம் கேட்டாள் பழனாத்தாள். “ரெண்டு பஸ்ஸு மாறி வாரனுங்க.”

அழகிரிசாமி செருமினார். “அம்மிணி, தோர்னா வெறும் கதை இல்லீங்க. எம்பதாயிரம் ஊட்ல மாவு ஆட்டிட்டு இருக்குது. அந்தப் பேருக்கு ஒரு களங்கம்னா அத்தனை ஊட்டுக்கும் களங்கமுங்க. நான் இங்கிலீஷ் படிக்காதவன். ஆனா இங்கிலீஷு மேல எனக்கு இருக்கற மரியாதை படிச்சவனுக்கு வராது. ஏன்னா, புரிஞ்சுபோச்சுன்னா மரியாதை போயிருமுங்க.”

டாக்டர் தலையசைத்து இதைக் குறித்துக்கொண்டார்.

“சார்ங்க, புத்தகத்துல அப்படித்தான் இருக்குதுங்க” என்றாள் மோகனப்பிரியா.

“புத்தகம் யார் வேணாலும் எழுதலாம்” என்றார் டாக்டர். “நோட்ஸ் எழுதத் தகுதி வேணும்.”

தீர்ப்பு எழுத்தில் வந்தது. நிறுவனர் நாள் மேடையில் மோகனப்பிரியா தோர்னாவாக வேடமிட்டு, நோட்ஸின் பதினான்காம் அத்தியாயத்தில் உள்ள ‘ஒன்பது வாழ்த்து’ காட்சியை நடிக்க வேண்டும். விருந்துக்கு வந்த ஒன்பது பேரைத் தோர்னா ஒவ்வொருவராக வாழ்த்தும் இடம் அது. நோட்ஸில் ஐந்து மதிப்பெண். விருந்தினர்களின் இடத்தில் தாளாளர் உட்படப் பள்ளியின் எட்டு அறங்காவலர்களும் டாக்டர் ரவிதேஜாவும் உட்காருவார்கள். செய்தால் மன்னிப்பு. செய்யாவிட்டால் டி.சி.

“வசனம் நோட்ஸுல இல்லீங்களே சார்ங்க” என்றாள் மோகனப்பிரியா. “வாழ்த்துனாங்கன்னு மட்டுந்தான் இருக்குது.”

“நாவல்ல இருக்கும். அதைப் பார்த்துச் சொல்லு.”

“நாவல்ல இருக்கற மாதிரியேங்களா?”

“ஒரு சொல் மாறக் கூடாது.”

“அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்கன்னா மறக்கமாட்டனுங்க.”

பிறர் கேட்டு வாங்கிய கையெழுத்துகளில்தான் ஒரு கல்விமானின் வாழ்க்கை இருக்கிறது. டாக்டர் எழுதினார்: ‘மூலத்தில் உள்ளபடி, ஒரு சொல்லும் மாற்றாமல், ஒவ்வொருவர் பெயரையும் பதவியையும் முன்னால் சேர்த்து.’ பச்சை மையில் கையெழுத்திட்டுத் தேதியும் போட்டார்.

திரும்பும் பேருந்தில் பழனாத்தாள் கதையைக் கேட்டாள். மகள் சொன்னாள். காடு என்றதும் அம்மா வயற்காடு என்று எடுத்துக்கொண்டாள். கொங்குப் பக்கம் காடு என்றால் அதுதான்.

“அந்தம்மா காட்டுல இருந்த மரத்தை அந்த ஒம்பது பேரும் கேக்காம வெட்டிப்போட்டாங்களா?”

“ஆமாம்மா.”

“அவிங்களுக்கெல்லாம் கொம்பு மொளைச்சிருந்துச்சாக்கு.”

“ஆளுக்கொரு கொம்பு வெச்சிருப்பாங்க. ஊதறதுக்கு.”

“அந்தம்மா வாழ்த்துனாளா அவிங்களை?”

“இல்லம்மா. ஒம்பது சாபம்.”

பழனாத்தாள் ஜன்னல் பக்கம் திரும்பி வடவள்ளி வரும்வரை யோசித்தாள். போன மாசி மாதம் தோப்புக்குள் வந்த யானையைத் தகரம் தட்டி விரட்டியவள் அவள். “சத்தமாச் சொல்லோணும் கண்ணு” என்றாள். “கடைசி வரிசைல இருக்கறவனுக்குங் கேக்கோணும்.”

நிறுவனர் நாளில் பெரிய திரை வைத்து, நேரலை ஏற்பாடு செய்து, இரண்டாயிரம் நாற்காலி போட்டிருந்தார்கள். மேடையின் இடப்பக்கம் ஒரு தோர்னா கிரைண்டர் மாலையோடு நின்றது. ஒன்பது பேரும் சிங்காசனம் மாதிரியான கல்யாண நாற்காலிகளில் அமர்ந்தார்கள். மோகனப்பிரியாவுக்குப் பட்டுப்புடவை உடுத்தி, கையில் கரண்டி கொடுத்தார்கள். ஒவ்வொரு வாழ்த்துக்குப் பின்னும் சபையில் ஒருவர் ‘ஸோ பி இட்’, அதாவது அப்படியே ஆகட்டும், என்று சொல்வது பழைய ஆங்கில மரபு என்று டாக்டர் விளக்கினார். அந்தப் பொறுப்பைத் தாமே ஏற்று மைக்கை வைத்துக்கொண்டார்.

மோகனப்பிரியா கரண்டியைக் கிரைண்டர்மேல் வைத்துவிட்டு முன்னால் வந்தாள். ஒன்பது பேரையும் ஒருமுறை நிதானமாகப் பார்த்தாள். பேசத் தொடங்கியபோது அவள் ஆங்கிலத்தில் ஓர் எழுத்துப் பிசகவில்லை. அந்தப் பள்ளி விளம்பரத்தில் வாக்களிக்கும் ஆங்கிலத்தை அந்தப் பள்ளியின் மேடையில் ஒருவர் பேசியது அதுவே முதல் முறை.

“தாளாளர் அழகிரிசாமி அவர்களே. உன் பெயர் கல்லில் நிலைக்கட்டும். வாசிக்கத் தெரிந்த எவனும் சிரிக்காமல் அதைக் கடக்காதிருக்கட்டும்.”

“ஸோ பி இட்” என்றார் டாக்டர்.

அழகிரிசாமிக்கு இரண்டு சொற்கள் புரிந்தன: பெயர், கல். எழுந்து நெஞ்சில் கைவைத்து, “தேங்க்யூங்க அம்மிணி” என்றார். கைதட்டல் எழுந்தது.

கட்டட ஒப்பந்தக்காரரான அறங்காவலர் அடுத்து. “உன் கூரை மழைக்கு வழிவிடட்டும். உன் கிணறு வழிவிடாதிருக்கட்டும்.”

“ஸோ பி இட்.”

“ஸோ நைஸுங்க” என்றார் ஒப்பந்தக்காரர். அவர் மனைவி போனில் படம் எடுத்தார்.

நூல்மில் வைத்திருக்கும் அறங்காவலர் மூன்றாவது. “உன் குரலைக் கேட்டு உன் வாரிசுகள் கதவுக் கீல் என்று நினைத்து எண்ணெய் தேடட்டும்.” ‘ஆயில்’ என்ற சொல் மட்டும் அவருக்குப் பிடிபட்டது. அவர் குடும்பத்தில் ஓர் எண்ணெய்ச் செக்கும் உண்டு. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இப்படியே எட்டுப் பேரும் எழுந்து, வணங்கி, நன்றி சொல்லி, உட்கார்ந்தார்கள். ஏழாமவர் தமது சாபம் மற்றவர்களுடையதைவிடச் சுருக்கமாக இருப்பதாகக் குறைபட்டு, இன்னொரு முறை சொல்லும்படி கேட்டார். மோகனப்பிரியா இன்னொரு முறை சொன்னாள். பின்வரிசையில் ஒன்பதாம் வகுப்பு ‘பி’ பிரிவு வாயில் கைக்குட்டையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவர்களிடம் பழனாத்தாள் இருக்கையைத் தள்ளிப் போட்டுக்கொண்டு கேட்டாள்: “நல்லாத் திட்டறாளா?”

ஒன்பதாவது நாற்காலிக்கு முன் மோகனப்பிரியா சற்று அதிக நேரம் நின்றாள்.

“டாக்டர் ரவிதேஜா, ஆங்கிலத் துறைத் தலைவர் அவர்களே. நீ விற்ற சொற்கள் உன்னைத் தெருவில் கண்டால், நீ யாரென்று கேட்கட்டும்.”

டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு, மற்ற எட்டைவிட உரக்க, “ஸோ பி இட்” என்றார்.

மன்னிப்பு அந்த மேடையிலேயே அறிவிக்கப்பட்டது. அதோடு நின்றிருந்தால் கதை இங்கே முடிந்திருக்கும். அழகிரிசாமிக்குப் பெயரும் கல்லும் மனதில் பதிந்துவிட்டன. மூன்றே வாரத்தில் பள்ளி வாசலில் எட்டடி உயரக் கருங்கல் நின்றது. அவர் பெயருக்குக் கீழே முதல் வாழ்த்து முழுவதும் பொன்னெழுத்தில் பொறிக்கப்பட்டது. எழுத்துப்பிழை உண்டா என்று சரிபார்த்துக் கொடுத்தவர் டாக்டர். ஒரு காற்புள்ளியைச் சேர்த்தார்.

கல்லைத் திறந்துவைத்த பத்தாம் நாள், வெளிநாட்டில் படிக்கும் அழகிரிசாமியின் பேத்தி அக்‌ஷயா விடுமுறைக்கு வந்தாள். காரிலிருந்து இறங்கி, கல்லைப் படித்துவிட்டுச் சிரித்தாள். சிரிப்பை நிறுத்த முடியாமல் காரிலேயே திரும்பி உட்கார்ந்துகொண்டாள். தண்ணீர் கொடுத்து விசாரித்தபோது தாத்தாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னாள். பிறகு பள்ளியின் சொந்தப் பக்கத்திலிருந்த விழாக் காணொளியை ஓடவிட்டு மீதி எட்டையும் சொன்னாள்.

மறுநாள் அதே அறை. அதே நாற்காலிகள். டி.சி. படிவத்தில் இப்போது மோகனப்பிரியாவின் பெயர் நிரப்பப்பட்டிருந்தது.

“பெரியவீங்களைப் பார்த்து இப்படிப் பேசலாமா அம்மிணி?” என்றார் அழகிரிசாமி. “மத்த ஏழு பேரும் எங்க ஊட்டு வாசல்ல வந்து நிக்கறாங்க. ஒருத்தரு கெணத்துல தண்ணி கொறைஞ்சுபோச்சுங்கறாரு.”

“இவ சொந்தமா எழுதிச் சொன்னதுங்க அய்யா” என்றார் டாக்டர். “நாவல்ல சாபமே கிடையாது. என் வார்த்தையை எடுத்துக்கங்க. உடனே டி.சி.யைக் குடுங்க.”

பழனாத்தாள் படிவத்தை எட்டிப் பார்த்தாள். “அதுல காரணம்னு ஒரு கட்டம் இருக்குதாட்ட இருக்குதுங்களே. அங்க என்னன்னு எழுதுவீங்க?”

அழகிரிசாமி அந்தக் கட்டத்தைக் குனிந்து பார்த்தார்.

“இங்கிலீஷ்ல திட்டுனா, நாங்க நன்றி சொன்னோம்னு எழுதுவீங்களாக்கு?” என்றாள் அவள். கிண்டலாகக் கேட்கவில்லை. அந்தக் கட்டம் சிறியதாக இருந்ததால் கேட்டாள்.

மோகனப்பிரியா பையிலிருந்து காக்கி அட்டை போட்ட புத்தகத்தை எடுத்து முந்நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தை விரித்து வைத்தாள். பக்கத்திலேயே பச்சை மைக் கையெழுத்துள்ள தாளையும் வைத்தாள். அழகிரிசாமி பேத்தியைக் கூப்பிட்டார். அக்‌ஷயா வந்து விரல் வைத்துப் படித்து, ஒன்பதும் இருக்கின்றன, ஒரு சொல் மாறவில்லை என்றாள்.

“இது போலிப் பதிப்புங்க” என்றார் டாக்டர் ரவிதேஜா. “பழைய புத்தகக் கடைகள்ல இந்த மாதிரி நிறைய வரும். ஒரிஜினல் என்கிட்ட இருக்கு. பதினோரு வருசமா அதைத் தினமும் படுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கம் படிச்சுட்டுத்தான் தூங்கறேன். அதுல தோர்னா தங்கமான குடும்பப் பெண்ணுங்க.”

“சரிங்க சார்ங்க” என்றாள் மோகனப்பிரியா.

அவள் காக்கி அட்டையைக் கிழியாமல் பிரித்தாள். முதல் பக்கத்தைத் திறந்து மேசைமேல் தாளாளர் பக்கமாகத் திருப்பி வைத்தாள். அதில் பச்சை மையில் பெயரும் தேதியும் இருந்தன: டாக்டர் ரவிதேஜா, சொந்தப் பிரதி. பக்கத்திலிருந்த தாளின் கையெழுத்தில் ‘ஜா’வின் கால் எப்படி வளைந்திருந்ததோ, அப்படியே இதிலும் வளைந்திருந்தது.

அழகிரிசாமி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். டி.சி. படிவத்தை எடுத்து நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு, புத்தகத்தின் நடுவில் ஏதோ துருத்திக்கொண்டிருப்பதாகச் சொல்லி அந்த இடத்தைத் திறந்தார். நடு அல்ல. ஆறாம் பக்கத்துக்கும் ஏழாம் பக்கத்துக்கும் இடையில், மங்கிப்போன ஒரு தாராபுரம் – கோவை பேருந்துச் சீட்டு இருந்தது.

நாவலில் தோர்னா முதன்முதலாக வருவது ஐம்பத்திரண்டாம் பக்கத்தில்.